பேரி லிண்டன்: கையெழுத்துப் போட்ட பெண்

என் வீட்டு அலமாரியில ஒரே படம் மூணு தடவை இருக்கு. ஒரு பழைய டிவிடி, ஒரு ப்ளூ-ரே, அப்புறம் இன்னொரு ப்ளூ-ரே. மூணும் ஸ்டான்லி குப்ரிக் எடுத்த ‘பேரி லிண்டன்’. 1975 டிசம்பர்ல வந்த படம். மூணு மணி நேரத்துக்கு மேல ஓடும்.

கொஞ்ச நாள் முன்னாடி ஊர்ல இருந்து என் தங்கச்சி வந்திருந்தா. மூணு டப்பாவையும் எடுத்துப் பார்த்துட்டு, “எதுக்குண்ணா ஒரே படத்தை மூணு வாங்கி வெச்சிருக்க?”ன்னு கேட்டா. விளக்கம் சொல்றதை விட படத்தைக் காட்டிடலாம்னு போட்டேன். முழுசா உட்கார்ந்து பார்த்தா. முடிஞ்சதும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. “அந்தம்மா ஏன் பேசவே இல்ல?”

நான் இந்தப் படத்தோட லென்ஸ் பத்தி அரை மணி நேரம் பேசுவேன். எந்த மாளிகையில எந்தக் காட்சி எடுத்தாங்கன்னு சொல்லுவேன். ஆனா இந்தக் கேள்வி எனக்கு ஒரு தடவைகூட வந்ததில்ல. அதைத் தேடிப் போனப்போ கிடைச்ச கதைதான் இன்னைக்கு எபிசோட்.

படம் பார்க்காதவங்களுக்கு

முதல்ல கதை. காலம் 18-ஆம் நூற்றாண்டு. ரெட்மண்ட் பேரி ஒரு அயர்லாந்துப் பையன். பெரிய சொத்து கிடையாது. அத்தை மாமா பொண்ணு மேல காதல்னு ஒரு கேப்டனோட துப்பாக்கிச் சண்டை போட்டுட்டு ஊரை விட்டு ஓடுறான். பிரிட்டிஷ் படையில சேர்றான், அங்கிருந்து தப்பிச்சு பிரஷ்யப் படையில மாட்டுறான், பிறகு ஒரு சூதாட்டக்காரரோட சேர்ந்து ஐரோப்பா முழுக்கச் சீட்டாடுறான். அப்படி ஒரு சீட்டு மேசையிலதான் லேடி லிண்டனைப் பார்க்கிறான். அழகி, பெரும் பணக்காரி, நோயாளிக் கணவனோட மனைவி.

அந்த மயக்குற காட்சி சினிமா மாணவர்கள் எல்லாரும் பார்க்கிற காட்சி. மெழுகுவத்தி வெளிச்சம். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கிறாங்க. அவங்க எழுந்து வெளியே போறாங்க, இவன் பின்னாலயே போறான், கையைப் பிடிக்கிறான். வெளியே வந்த பிறகு ஒரு வார்த்தை வசனம் கிடையாது. பின்னணியில ஷூபர்ட்டோட பியானோ ட்ரியோ. அந்த இசை 1827-ல எழுதினது, கதை நடக்கிற காலத்துக்கு அரை நூற்றாண்டு பிந்தையது. குப்ரிக்குக்கு அது தெரியும். 18-ஆம் நூற்றாண்டு இசையில சோகம் கலந்த காதல் அவர் தேடின மாதிரி கிடைக்கலைன்னு, தெரிஞ்சேதான் எடுத்துக்கிட்டார்.

கணவன் சாகிறான். பேரி அந்தம்மாவைக் கல்யாணம் பண்ணிக்கிறான். பேரோட ‘லிண்டன்’ங்கிறதையும் சேர்த்துக்கிறான். அப்புறம் அவனுக்கு ஒரே வெறி, பிரபுப் பட்டம். அதுக்காக விருந்து, லஞ்சம், விலை உயர்ந்த ஓவியங்கள்னு மனைவி காசைக் கொட்டுறான். முதல் கணவனோட மகன் லார்ட் புல்லிங்டன் அவனை வெறுக்கிறான். கடைசியில அவன்கூட நடக்கிற துப்பாக்கிச் சண்டையில பேரி ஒரு காலை இழந்து, வருஷத்துக்கு 500 கினி வாங்கிக்கிட்டு நாட்டை விட்டே போறான்.

ஏன் இதைச் சேகரிக்கிறாங்க?

இந்தப் படம் எடுத்த விதமே ஒரு சேகரிப்பாளரோட வேலை. மெழுகுவத்தி வெளிச்சத்துல, மின்விளக்கு இல்லாம படம் பிடிக்கணும்னு குப்ரிக் நினைச்சார். அன்னைக்கு இருந்த சினிமா லென்ஸ் எதுவும் அதுக்குப் போதாது. கார்ல் ஸைஸ் கம்பெனி நாசாவுக்காக எஃப்/0.7 அளவுல சில லென்ஸ் செஞ்சிருந்தது. மொத்தமே பத்து. அதுல மூணு குப்ரிக் கைக்கு வந்தது. அதைப் பொருத்துறதுக்காக ஒரு மிட்செல் கேமராவையே பிரிச்சு மாத்தி அமைச்சாங்க. ஒளிப்பதிவாளர் ஜான் ஆல்காட்டுக்கு ஆஸ்கர் கிடைச்சது. கலை, உடை, இசைத் தழுவல்னு இன்னும் மூணு ஆஸ்கர்.

உடைகளுக்கு அந்தக் காலத்து ஓவியங்களைப் பார்த்து அளவெடுத்தாங்க. ஏலத்துல வாங்கின நிஜமான பழைய துணிகளும் உதவின. மாளிகைகளும் செட் இல்ல. காசில் ஹோவர்டு, வில்டன் ஹவுஸ், கோர்ஷம் கோர்ட், பெட்வர்த் ஹவுஸ்னு எல்லாம் இங்கிலாந்துல இருக்கிற நிஜ வீடுகள்.

இப்ப சேகரிப்பு. முதல்ல போஸ்டர். வெள்ளைப் பின்னணியில ஒரு ஆளோட கீழ்ப்பாதி மட்டும் கறுப்பா. கையில துப்பாக்கி, பூட்ஸ் காலுக்கடியில ஒரு சிவப்பு ரோஜா. முழுக் கதையும் அந்த ஒரு படத்துல இருக்கு. 1975 காலத்து அமெரிக்கத் தியேட்டர் போஸ்டர் பொதுவா 27 அங்குலம் அகலம், 41 அங்குலம் உயரம். அன்னைக்கு வழக்கமா மடிச்சுத்தான் தியேட்டருக்கு அனுப்புவாங்க. அதனால மடிப்புக் கோடே இல்லாம, 24-க்கு 36 அளவுல ‘ஒரிஜினல்’னு யாராவது விற்றா, ஒரு நிமிஷம் யோசிங்க. நாம எல்லாம் சுருக்கம்னா விலை குறையும்னு நினைப்போம். இங்க அந்தச் சுருக்கம்தான் சாட்சி.

அடுத்தது டிஸ்க். என் மூணு டப்பாவோட காரணம் இங்கதான் வருது. 2011-ல வந்த ப்ளூ-ரேயில படம் இன்னைக்கு டிவி திரைக்கு ஏத்த மாதிரி 1.78 விகிதத்துல இருந்தது. அதாவது படத்தோட மேலயும் கீழயும் கொஞ்சம் வெட்டுப்பட்டிருக்கு. லியான் விடாலி, படத்துல புல்லிங்டனா நடிச்சவர், பிறகு பல வருஷம் குப்ரிக்கோட உதவியாளரா இருந்தவர், இதுதான் சரின்னு சொன்னார். ரசிகர்கள் ஒத்துக்கலை. பெரிய சண்டை. குப்ரிக் 1999-லயே இறந்துட்டார், கேட்க ஆள் இல்ல.

அப்போ ஒரு கடிதம் வெளிய வந்தது. படம் ரிலீஸான 1975 டிசம்பர்ல, தியேட்டர்ல படம் ஓட்டுறவங்களுக்கு குப்ரிக் எழுதினது. 1.66 விகிதத்துல எடுத்த படம், அதுலயே காட்டுங்கன்னு அதுல தெளிவா இருந்தது. சண்டை அத்தோட தீர்ந்தது. 2017-ல க்ரைடீரியன் நிறுவனம் ஒரிஜினல் நெகட்டிவ்ல இருந்து சுத்தம் பண்ணி 1.66-ல வெளியிட்டது. அந்த டிஸ்க் அமெரிக்க ரீஜன் ‘ஏ’. நம்ம நாடு ரீஜன் ‘சி’. எல்லா ரீஜனும் ஓடுற ப்ளேயர் இருந்தாத்தான் இங்க பார்க்க முடியும். நான் ப்ளேயரையும் சேர்த்து வாங்கினேன். இது தங்கச்சிக்குத் தெரியாது.

ஒரு காகிதம், ஒரு கையெழுத்து. அதை வெச்சு எது நிஜம்னு முடிவாச்சு. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க. இனி நாம பேசப்போறதும் காகிதத்தைப் பத்தித்தான்.

நிஜ லேடி லிண்டன்

படம் வில்லியம் தாக்கரே 1844-ல ‘ஃப்ரேசர்ஸ்’ பத்திரிகையில தொடரா எழுதின நாவல்ல இருந்து வந்தது. தாக்கரே கல்கத்தாவுல பிறந்தவர், அப்பா கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி. அந்த நாவலுக்குப் பின்னால ஒரு நிஜப் பெண் இருக்காங்க. பேர் மேரி எலினர் போவ்ஸ்.

1749-ல பிறந்தவங்க. அப்பா ஜார்ஜ் போவ்ஸ், வட இங்கிலாந்து நிலக்கரி முதலாளி. ஒரே பொண்ணு. பதினோரு வயசுல அப்பா இறந்ததும் நாட்டோட மிகப் பெரிய பணக்கார வாரிசுகள்ல ஒருத்தர் ஆயிட்டாங்க. பதினெட்டாவது பிறந்தநாள் அன்னைக்கு ஸ்ட்ராத்மோர் பிரபுவோட கல்யாணம். அஞ்சு குழந்தைகள். 1776-ல பிரபு காசநோய்ல இறந்தார்.

இந்த அம்மாவுக்குச் செடி கொடிகள்னா உயிர். தாவரவியல் படிச்சாங்க. தென்னாப்பிரிக்காவோட கேப் பகுதிக்குச் செடி சேகரிக்க வில்லியம் பேட்டர்சன்னு ஒருத்தரைச் சொந்தச் செலவுல அனுப்பினாங்க. அதாவது, அவங்களும் ஒரு சேகரிப்பாளர்.

இப்ப வில்லன் வர்றான். ஆண்ட்ரூ ராபின்சன் ஸ்டோனி. அயர்லாந்துக்காரன், படையில லெப்டினன்ட்டா இருந்தவன். ஏற்கெனவே ஒரு பணக்காரப் பெண்ணைக் கட்டி, அந்தம்மா இறந்து போயிருந்தாங்க. அடுத்த குறி மேரி. ஆனா மேரி, கம்பெனி வேலையில இந்தியாவுல சம்பாதிச்சுத் திரும்பின ஜார்ஜ் கிரேங்கிறவரைக் கட்டிக்கிறதா இருந்தாங்க.

அப்போ ‘மார்னிங் போஸ்ட்’ பத்திரிகையில மேரியைப் பத்தி அசிங்கமான எழுத்து வர ஆரம்பிச்சது. ஸ்டோனி, அவங்க மானத்தைக் காப்பாத்துறேன்னு பத்திரிகை ஆசிரியர் ஹென்றி பேட்டை 1777 ஜனவரியில சண்டைக்குக் கூப்பிட்டான். சாகக் கிடக்கிற அளவுக்குக் காயம்னு வைத்தியர்கள் சொன்னாங்க. தனக்காக உயிரை விடுறவனோட கடைசி ஆசைன்னு மேரி கல்யாணத்துக்கு ஒத்துக்கிட்டாங்க. நாலு நாள் கழிச்சு, லண்டன் பிக்காடிலி சர்ச்சுக்கு அவனைத் தூக்கிக்கிட்டு வந்து தாலி கட்டாத குறையா கல்யாணம் முடிஞ்சது.

அப்புறம் ஆள் எழுந்து நடந்துட்டான். சண்டையே நாடகம்னு பின்னாடிதான் புரிஞ்சது. அந்த அவதூறுகளை எழுதினதுலயும் ஸ்டோனி கை இருந்ததுன்னுதான் வரலாற்று ஆய்வாளர்கள் கருதுறாங்க.

படத்துல பேரி மயக்கினது கண்ணால. நிஜத்துல ஸ்டோனி மயக்கினது இரக்கத்தால. எனக்கு இதுதான் அதிகப் பயமா இருக்கு.

ஒரு காகிதம்

அன்னைக்கு இங்கிலாந்துச் சட்டப்படி கல்யாணம் ஆன பெண்ணுக்குத் தனிச் சொத்துன்னு பெரும்பாலும் எதுவும் மிஞ்சாது. நிலத்துல வர்ற வருமானம், பணம், நகை எல்லாம் கணவன் கைக்குப் போயிடும். இந்த நிலைமை மாற 1870, 1882 சட்டங்கள் வரணும். அதுக்கு இன்னும் நூறு வருஷம் இருக்கு.

ஆனா மேரி ஒரு காரியம் பண்ணியிருந்தாங்க. கிரேயைக் கட்டிக்கப் போறோம்னு நினைச்சப்போ, ஸ்டோனியோட கல்யாணம் நடக்கிறதுக்குச் சில நாள் முன்னாடி, ஒரு பத்திரம் எழுதி வெச்சாங்க. எந்தக் கணவன் வந்தாலும் தன் சொத்து வருமானம் அறங்காவலர்கள் வழியா தன் கையிலயே இருக்கணும்னு.

கல்யாணத்துக்கு அப்புறம் ஸ்டோனிக்கு இது தெரிஞ்சது. சில மாசத்துல, அந்தப் பத்திரத்தை ரத்து பண்றேன்னு இன்னொரு காகிதத்துல கையெழுத்து வாங்கினான். எப்படி வாங்கினான்? அடி, பட்டினி, பூட்டின அறை. அடுத்த வருஷம், தன்னோட ‘பாவங்களை’ தானே எழுதச் சொல்லி ஒரு வாக்குமூலமும் வாங்கினான். செடி தேடிப் போன பேட்டர்சனுக்கு அனுப்புற பணமும் நின்னுது. அந்த மனுஷன் தூர தேசத்துல கடனோட நின்னான்.

எட்டு வருஷம் இப்படிப் போச்சு. 1785 பிப்ரவரியில, மேரி மோர்கன்ங்கிற பணிப்பெண்ணோட உதவியால அவங்க வீட்டை விட்டுத் தப்பிச்சாங்க. கொடுமை, வேற பெண்களோட தொடர்புன்னு காரணம் காட்டி சர்ச் நீதிமன்றத்துல விவாகரத்துக் கேட்டாங்க. வேலைக்காரங்க சாட்சி சொன்னாங்க. அந்தக் காலத்துல ஒரு கணவன் மேல, பிரபு குடும்பத்துப் பெண் இப்படி வழக்குப் போடுறதுங்கிறது ஊரே சிரிக்கிற விஷயம். கார்ட்டூன் எல்லாம் போட்டு மானத்தை வாங்கினாங்க. அவங்க விடலை.

1786 நவம்பர்ல ஸ்டோனி ஆள் வெச்சு லண்டன் ஆக்ஸ்ஃபோர்டு தெருவுல பட்டப்பகல்ல அவங்களைக் கடத்தினான். வழக்கை வாபஸ் வாங்குன்னு துப்பாக்கி காட்டி மிரட்டினான். அதுக்கும் ஒரு கையெழுத்துதான் கேட்டான். அவங்க போடலை. குளிர்ல, குதிரை மேல, வட இங்கிலாந்து மலைப்பகுதியில நாள் கணக்கா இழுத்துக்கிட்டு அலைஞ்சான். கடைசியில டார்லிங்டன் பக்கத்துல கிராமத்து ஆட்கள் சுத்தி வளைச்சு மீட்டாங்க. அவனுக்கு மூணு வருஷம் சிறை. தண்டனை முடிஞ்சும் கடனால வெளிய வர முடியாம, 1810-ல செத்தான்.

ரத்துப் பத்திரம் மிரட்டி வாங்கினதுன்னு நீதிமன்றம் சொல்லிடுச்சு. அப்போ முதல்ல எழுதின காகிதம் செல்லும். சொத்து அவங்களுக்கே. மறுமணம் பண்ண முடியாத வகை விவாகரத்துதான், ஆனாலும் விடுதலை. விவாகரத்து வழக்கு முடிஞ்சது 1789-ல. மேரி 1800-ல இறந்தாங்க, வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில அடக்கம் பண்ணினாங்க. இன்னைக்கு இங்கிலாந்து மன்னர் சார்லஸ் அவங்க வம்சாவளிதான். அவரோட பாட்டி எலிசபெத் போவ்ஸ்-லயன், அந்தப் பேர்ல இருக்கிற போவ்ஸ் இந்தப் போவ்ஸ்தான்.

கதையைச் சொன்ன பேரன்

இது தாக்கரேக்கு எப்படித் தெரிஞ்சது? ஜான் போவ்ஸ் மூலமா. மேரியோட பேரன். தாக்கரே பிறந்த அதே 1811-ல பிறந்தவர், கேம்பிரிட்ஜ்ல கூடப் படிச்ச நண்பர். 1841-ல ஜானோட வீட்டுக்குத் தாக்கரே போயிருந்தார். அப்போதான் பாட்டி கதை கைக்கு வந்தது.

ஜானோட வாழ்க்கையும் ஒரு கையெழுத்துல தொங்கின கதைதான். அவரோட அப்பா, ஜானோட அம்மாவைக் கல்யாணம் பண்ணினது தான் சாகிறதுக்கு முந்தின நாள். அதனால பிரபுப் பட்டம் ஜானுக்கு வரலை, இங்கிலாந்துச் சொத்து மட்டும் வந்தது. பட்டத்துக்காக பேரி மாதிரி அலையலை அவர். பாரிஸ்ல ஒரு தியேட்டரை வாங்கினார், அங்க நடிச்ச ஜோசஃபினைக் கல்யாணம் பண்ணினார். ரெண்டு பேரும் சேர்ந்து ஓவியம், பீங்கான், நாற்காலி, துணின்னு ஆயிரக்கணக்குல வாங்கினாங்க. வீட்டுல பூட்டி வைக்க இல்ல, ஊர் மக்கள் பார்க்க ஒரு மியூசியம் கட்ட. 1869-ல அடிக்கல். ஜோசஃபின் 1874-லயும், ஜான் 1885-லயும் இறந்தாங்க. பார்னார்டு காசில் ஊர்ல போவ்ஸ் மியூசியம் திறந்தது 1892-ல. ரெண்டு பேருமே அதைப் பார்க்கலை.

அங்க ஒரு வெள்ளி அன்னம் இருக்கு. 1773-ல செஞ்ச இயந்திரப் பொம்மை. ஜான் 1872-ல 200 பவுண்டுக்கு வாங்கினார். சாவி கொடுத்தா கழுத்தைத் திருப்பி, குனிஞ்சு ஒரு வெள்ளி மீனைக் கொத்தும். எல்லாரும் அதைப் பார்க்கத்தான் போறாங்க. அதே மியூசியத்துல இன்னொரு பொருள் இருக்கு. காஞ்ச செடிகளைப் பத்திரப்படுத்த மேரி எலினர் வெச்சிருந்த மர அலமாரி. போனா அதையும் பாருங்க.

எதை விட்டுட்டோம்?

தாக்கரே நாவல்ல பேரி தன் கதையைத் தானே பெருமை அடிச்சுச் சொல்றான். அவன் பேச்சுக்கு நடுவுல மனைவி படுற பாடு நமக்குத் தெரியும். கடைசியில அவன் கடன்காரச் சிறையில சாவான். குப்ரிக் அதை மாத்தினார். பேரியோட குரலை எடுத்துட்டு, வெளியில இருந்து பேசுற ஒரு கதைசொல்லியை வெச்சார். பேரி மேல நமக்குக் கொஞ்சம் பரிதாபம்கூட வருது. மரிசா பெரன்சன் நடிச்ச லேடி லிண்டன், சுவர்ல மாட்டின ஓவியம் மாதிரி ஆயிட்டாங்க. படம் அழகா இருக்கு, அதை மறுக்கலை. ஆனா நாங்க, சேகரிக்கிறவங்க, 1.66-ஆ 1.78-ஆன்னு வெட்டுப்பட்ட ஓரத்துக்காகச் சண்டை போட்டோம். கதைக்கு நடுவுல ஒரு ஆளே வெட்டுப்பட்டிருக்கிறதை நான் கவனிக்கவே இல்ல.

தங்கச்சிக்குப் ஃபோன் போட்டு இதையெல்லாம் சொன்னேன். கடைசிக் காட்சியை மட்டும் மறுபடி பார்க்கணும்னு சொன்னா. வீடியோ கால்ல போட்டுக் காட்டினேன்.

ஒரு மேசை நிறையக் காகிதம். பக்கத்துல மகன் புல்லிங்டன். லேடி லிண்டன் ஒவ்வொன்னா கையெழுத்துப் போட்டுக்கிட்டே வர்றாங்க. பேரிக்குப் போற வருஷாந்திரப் பணத்துக்கான காகிதம் வருது. பேனா நிக்குது. எங்கயோ பார்க்கிறாங்க. அப்புறம் கையெழுத்துப் போடுறாங்க. காகிதத்துல தேதி தெரியுது: 1789 டிசம்பர்.

பிரெஞ்சுப் புரட்சி நடந்த வருஷம்னுதான் எல்லாரும் அதை விளக்குவாங்க, நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டிருந்தேன். நிஜ மேரி தன் விவாகரத்து வழக்கை முடிச்ச வருஷமும் அதுதான். குப்ரிக் தெரிஞ்சு வெச்சாரான்னு நான் சொல்ல வரலை. ஆனா எனக்கு இனிமே அந்தத் தேதியில அந்தம்மா ஞாபகம்தான் வரும்.

தங்கச்சி கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லலை. அப்புறம், “படத்துல போடுறாங்க, நிஜத்துல போடலை இல்ல?”ன்னு கேட்டா. ஆமா, குதிரை மேல, துப்பாக்கி முனையில, போடலை.

இந்தப் படத்தோட 4கே டிஸ்க்கும் வந்திருக்கு. வாங்கினா அலமாரியில நாலு ஆகும். இந்த எபிசோடைத் தங்கச்சி கேட்கக் கூடாதுன்னு வேண்டிக்கோங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.